விருப்பத்தைச் சொல்லும் ஆங்கிலம்

(ஜமாஅத் கல்விக் குழுவின் கோடைக்கால ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த வகுப்பில் இலக்கணம் பற்றியும் விண்ணப்பம் எழுதுவது பற்றியும் ஆசிரியப் பெருமக்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு பகுதி. 'எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது, இதைவிட அது தேவலை' என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்பதே அது. இதற்கென்று ஓர் உரையா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் பாடத்தில் கேட்கும் கடினமான கேள்விகளைச் சமாளித்துவிடுகிறார்கள். இந்தச் சிறிய கேள்விகளில்தான் வாயடைத்துப் போகிறார்கள் என்பது நம் கருத்து.

ஒரு நேர்முகத் தேர்வை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ படித்து வளர்ந்த தம்பி ஒருவர் சென்னையில் ஒரு நிறுவனத்தின் மேசைக்கு முன் அமர்ந்திருக்கிறார். படித்த பாடத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான விடை சொல்லிவிடுகிறார். இறுதியில், 'விச் ஷிஃப்ட் வுட் யூ பிரிஃபர்?' என்று கேட்கிறார்கள். 'எனிதிங், சார்' என்கிறார் தம்பி. சென்னையில் வேலை செய்வீர்களா, கோயம்புத்தூரிலா என்று கேட்கிறார்கள். 'எனிவேர், சார்' என்கிறார். தனியாக வேலை செய்யப் பிடிக்குமா, குழுவாகவா என்றால் 'போத், சார்'. தம்பி பணிவாகத்தான் பேசுகிறார். ஆனால் எதிரில் இருப்பவரின் காதில் அந்தப் பணிவு விழுவதில்லை. இவருக்கென்று ஓர் எண்ணம் இல்லை என்று அவர் குறித்துக்கொள்கிறார்.

இந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாத ஆண்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எது விளைந்ததோ அதை உண்டு, எந்தத் தறியில் வேலை கிடைத்ததோ அதில் அமர்ந்து வாழ்ந்த மக்கள் நம் முன்னோர். 'உனக்கு எது வேண்டும்?' என்ற கேள்வி அவர்கள் முன் அதிகம் வந்ததில்லை. விருந்தாளியாகச் சென்ற வீட்டில் 'டீயா, காபியா?' என்று கேட்டால் 'எதுன்னாலும் சரி' என்கிறோம். வீட்டில் எது இருக்கிறதோ தெரியாது, இல்லாததைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற நாகரிகம் அது. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடுத்த ஊரான விருதுநகரில் 1903-ஆம் ஆண்டு பிறந்து, 1954 முதல் 1963 வரை இம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த காமராஜர், கோரிக்கையோடு வருவோரிடம் 'பார்க்கலாம்' என்று சொல்வது பெயர் பெற்றது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒப்புதலும் இருக்கலாம், மறுப்பும் இருக்கலாம்; கேட்டவர் முகம் மட்டும் வாடாது. இங்கிதம் என்பது எல்லா மொழிகளிலும் உண்டு. அது ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. தமிழில் விருப்பத்தைச் சொல்லாமல் விடுவது இங்கிதம்; ஆங்கிலத்தில் விருப்பத்தைச் சொல்லி, அதை மென்மையாகச் சொல்வது இங்கிதம்.

இனிச் சொற்களுக்கு வருவோம். தமிழில் 'எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது' என்கிறோம். 'எனக்குச் சளி பிடித்திருக்கிறது' என்பதும் அதே அமைப்புத்தான்! விருப்பமும் சளியும் நம்மைத் தேடி வந்து பற்றுகின்றன. நாம் செய்வது ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் 'ஐ லைக் திஸ் டவுன்' என்னும்போது விரும்புகிற செயலைச் செய்பவன் 'நான்'. 'எனக்கு' என்பது 'நான்' ஆக மாற வேண்டும். இந்த மாற்றத்தில்தான் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 'மீ லைக்', 'டு மீ லைக்' என்றெல்லாம் தடுமாறுகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயரே ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் பேசினார்கள். 'லைக்' என்ற சொல்லின் பழைய வடிவமான 'லீகியன்' என்பதற்கு 'இன்பம் தருதல்' என்று பொருள். 'அது எனக்கு இனிக்கிறது' என்ற அமைப்பில், பிடித்த பொருளை எழுவாயாகவும் மனிதரை 'எனக்கு' என்ற வேற்றுமையிலும் வைத்தே பேசினர். பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரே அந்த வாக்கியம் தலைகீழாகத் திரும்பி இன்றைய வடிவத்துக்கு வந்தது. உருதுவிலும் இந்தியிலும் 'முஜே பஸந்த் ஹை' என்று இன்றும் 'எனக்கு' என்றே சொல்கிறார்கள். அரபியிலும் 'நான் நேசிக்கிறேன்' என்ற அமைப்போடு, 'அது என்னைக் கவர்கிறது' என்னும் பொருளில் 'யுஃஜிபுனீ' என்ற வழக்கும் இருப்பதை வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய நம் சகோதரர்கள் அறிவார்கள்.

அடுத்த தடுமாற்றம் இன்னும் நுட்பமானது. 'இந்த இடம் பிடித்திருக்கிறதா?' என்று தமிழில் கேட்டால், 'பிடித்திருக்கிறது' என்ற ஒரே சொல் போதும். அதை அப்படியே கொண்டுபோய் 'யெஸ், ஐ லைக்' என்று நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தின் காதுக்கு அது பாதியில் அறுந்த நூல். 'ஐ லைக் இட்' என்று அந்தச் சிறு 'இட்' கட்டாயம் வர வேண்டும். 'மிகவும் பிடிக்கும்' என்பதை 'ஐ வெரி லைக்' என்று சொல்வதும் நம் பிள்ளைகளிடம் காணும் பிழை. 'ஐ லைக் இட் வெரி மச்' என்று அளவைக் கடைசியில் வைக்க வேண்டும். 'ஐ ஆம் லைக்கிங்' என்பதையும் விட்டுவிடுங்கள். விளம்பரங்களில் இத்தகைய வழக்கு வரலாம். விளம்பரம் எழுதுபவருக்குத் தேர்வு இல்லை.

'லைக்' என்ற சொல்லில் ஒரு பொறியும் உண்டு. 'வாட் டஸ் ஹி லைக்?' என்றால் அவருக்கு எது பிடிக்கும் என்று கேள்வி. 'வாட் இஸ் ஹி லைக்?' என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று கேள்வி. ஒரு சிறு சொல் மாறினால் கேள்வியே மாறிவிடுகிறது. 'வாட் இஸ் அருப்புக்கோட்டை லைக்?' என்று கேட்டால், 'ஐ லைக் அருப்புக்கோட்டை வெரி மச்' என்று சொல்லி மகிழ்ந்துவிடக் கூடாது. ஊர் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்கள். வறண்ட நிலம், கரிசல் மண், நெசவு, நூற்பாலை, மல்லிகைத் தோட்டங்கள், விருதுநகருக்கும் மானாமதுரைக்கும் இடையில் ஓடும் ரயில் என்று நான்கு வாக்கியம் சொல்ல வேண்டும்.

பிடித்தலிலும் பிடிக்காமையிலும் படிகள் பல. தமிழில் 'உயிர்' என்றும், 'ரொம்பப் பிடிக்கும்' என்றும், 'பிடிக்கும்' என்றும், 'பரவாயில்லை' என்றும், 'அவ்வளவாகப் பிடிக்காது' என்றும், 'ஆகவே ஆகாது' என்றும் நாம் படிப்படியாக இறங்குகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படியே. மேற்படியில் 'லவ்', 'அடோர்'. அதற்கடுத்து 'வெரி ஃபாண்ட் ஆஃப்', 'என்ஜாய்', பிறகு 'லைக்'. நடுவில் 'டோன்ட் மைண்ட்'. அதற்குக் கீழே 'நாட் வெரி கீன் ஆன்', 'டிஸ்லைக்', 'கான்ட் ஸ்டாண்ட்', 'ஹேட்', 'டிடெஸ்ட்'. நம் பிள்ளைகளிடம் இருப்பதோ 'லைக்', 'டோன்ட் லைக்' என்ற இரண்டே படிகள். சினிமா பார்த்துச் சிலருக்கு 'லவ்', 'ஹேட்' என்ற இரண்டு கோடிகள். இடையில் உள்ள படிகளில்தான் அன்றாட வாழ்க்கை நடக்கிறது. மேலாளர் காட்டிய திட்டத்தை 'ஐ டோன்ட் லைக் இட்' என்றால் அது முகத்தில் அறைந்தது போல. 'ஐ ஆம் நாட் வெரி கீன் ஆன் இட்' என்றால் அவர் 'ஏன்?' என்று கேட்பார், பேச்சு தொடரும். இந்தப் படிகளில் சில சொற்களுக்குப் பின் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர வேண்டும்: 'என்ஜாய் ரீடிங்', 'டோன்ட் மைண்ட் வெயிட்டிங்'. 'என்ஜாய் டு ரீட்' என்பது பிழை.

'டோன்ட் மைண்ட்' என்ற நடுப்படியைச் சற்று விளக்க வேண்டும். நம் 'பரவாயில்லை' என்பதற்கு நெருக்கமான சொல் அதுதான். 'பரவாயில்லை' என்பதிலேயே பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த 'பர்வா', அதாவது கவலை, இருக்கிறது. கவலையில்லை, ஆட்சேபணையில்லை என்பது பொருள். இரவுப் பணி செய்யச் சம்மதமா என்றால் 'ஐ டோன்ட் மைண்ட் நைட் ஷிஃப்ட்' என்பது கண்ணியமான விடை. சிலர் அதே பொருளில் 'ஐ டோன்ட் கேர்' என்று சொல்லிவிடுகிறார்கள். அகராதியில் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பின்னது 'எனக்கென்ன வந்தது?' என்ற தொனியில் காதில் விழும். ஒரு சொல் இடம் மாறியதால் பணிவு அலட்சியமாக மாறிவிடும்.

'லைக்', 'வுட் லைக்' இரண்டும் வேறு வேறு. 'டூ யூ லைக் டீ?' என்றால் பொதுவாகத் தேநீர் பிடிக்குமா என்று கேள்வி. 'வுட் யூ லைக் டீ?' என்றால் இப்போது தேநீர் தரட்டுமா என்று உபசாரம். 'ஐ வான்ட் டீ' என்று சொல்வது சிறு பிள்ளை கேட்பது போல இருக்கும்; 'ஐ வுட் லைக் சம் டீ, ப்ளீஸ்' என்பது பெரியவர் பேச்சு. மறுக்க வேண்டிய இடத்தில் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்' என்பார்கள். இங்கே அச்சம் எதுவும் இல்லை. 'மன்னிக்கவும், இயலாது' என்பதே பொருள். 'எனக்குக் கத்தரிக்காய் ஆகாது' என்கிறோமே, அதற்கும் நேரான வழக்கு உண்டு: 'பிரிஞ்ஜால் டஸ் நாட் அக்ரீ வித் மீ'. கத்தரிக்காய் நம்மோடு ஒத்துப்போகவில்லையாம். இந்த இடத்தில் இரு மொழிகளும் கைகோத்துக் கொள்வது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்றைய உரையின் மையச் சொல் 'பிரிஃபர்'. இலத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'ஃபெர்ரே' என்றால் எடுத்துச் செல்லுதல். இரண்டில் ஒன்றை எடுத்து முன்னே வைப்பதுதான் 'பிரிஃபர்'. நம் வட்டாரப் பேச்சில் 'அதுக்கு இது தேவலை' என்பது இதற்கு மிக அருகில் வருகிறது. 'ஐ பிரிஃபர் கம்மங்கூழ் டு டீ' என்று 'டு' போட வேண்டும், 'தேன்' வராது. 'ராதர்' போட்டால் மட்டும் 'தேன்' வரும்: 'ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட் ஃபார் த பஸ்'. இந்தச் சொல்லின் அருமை என்னவென்றால், இன்னொன்றைப் பழிக்காமலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது வழி தருகிறது. பகல் பணி வேண்டும் என்பவர் இரவுப் பணியை இகழ வேண்டியதில்லை. 'ஐ வுட் பிரிஃபர் த டே ஷிஃப்ட், பட் ஐ டோன்ட் மைண்ட் நைட்ஸ்' என்று ஒரே வாக்கியத்தில் விருப்பத்தையும் இணக்கத்தையும் சொல்லிவிடலாம். 'எனிதிங், சார்' என்ற தம்பியின் பணிவு முழுவதும் இதற்குள் இருக்கிறது. கூடவே அவருடைய எண்ணமும் இருக்கிறது.

இது பேச்சோடு நிற்கும் செய்தியன்று. பொறியியல் படிக்க விரும்புவோர் 2018-க்கு முன்னர் அண்ணா பல்கலைக்கழகத்திற்கு நேரில் சென்று கலந்தாய்வில் அமர்ந்தனர். 2018 முதல் அது இணையவழியில் நடைபெறுகிறது. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் நாமே வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். அதற்கு 'சாய்ஸ் ஃபில்லிங்' என்று பெயர். தரவரிசை வரும்போது, நாம் எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடம் ஒதுக்கப்படுகிறது. 'கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுவோம்' என்று அஞ்சி ஒரு கல்லூரியை முதலில் எழுதினால், இரண்டாவதாக எழுதிய நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் முதலில் எழுதியதே வந்து சேரும். ஒதுக்கீடு வந்த பின்னும் 'அக்செப்ட்', 'டிக்ளைன்', 'அப்வேர்ட்' என்ற சொற்கள் திரையில் நிற்கும். அவற்றுள் ஒன்றைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டு, மேலே எழுதியது கிடைத்தால் மாறிக்கொள்வது ஒன்று. முற்றிலும் மறுப்பது இன்னொன்று. கணினி மையத்தில் யாரோ ஒருவர் நமக்காக அழுத்தும் பொத்தான் அன்று இது. பிள்ளையும் பெற்றோரும் வீட்டிலேயே அமர்ந்து, எது முதல், எது இரண்டாவது என்று தாளில் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும்.

மாணவர் விடுதிக்கும் வெளியூருக்கும் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பிடிக்காதது வேறு, உண்ணாதது வேறு. மார்க்கம் தடுத்த ஒன்றை யாராவது நீட்டும்போது 'ஐ டோன்ட் லைக் இட்' என்றால், 'கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள், பிடித்துவிடும்' என்று அன்போடு வற்புறுத்துவார்கள். அது அவர்கள் தவறன்று. விருப்பத்தைப் பற்றித்தான் நாம் பேசியிருக்கிறோம். 'நோ, தேங்க் யூ, ஐ டோன்ட் ஈட் இட்' என்று சொன்னால் அத்துடன் முடிந்தது. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது நாம் அறிந்தது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது தடுக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டதற்கு, இல்லை, தம் சமூகத்தார் வாழும் பூமியில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். தமக்குப் பிடிக்கவில்லை என்பதைக் காரணத்தோடு சொல்லி, பிறரைத் தடுக்காமலும் இருந்த முறை அது.

'லைக்' என்ற சொல் இன்று நம் கைப்பேசியில் வேறொரு பொருளாகவே குடியேறிவிட்டது. ஃபேஸ்புக்கில் அந்தப் பொத்தான் வந்தது 2009-இல். 'லைக் போடு' என்கிறோம். பிடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பெரும்பாலும் படிப்பதும் இல்லை. 2021-இல் யூடியூப் நிறுவனம், ஒரு காணொளியைப் பிடிக்கவில்லை என்று எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தது. கட்டைவிரலுக்கு இரண்டே படிகள்தாம். நாம் மேலே பார்த்த நடுப்படிகளை அது கற்றுத் தராது.

பள்ளிக்கூடம் கற்றுத் தருமா என்றால், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகளில் ஒரு முயற்சியை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலக அளவில் அது அறியப்படுகிறது. இலக்கணத்தைத் தனியே கற்பிக்காமல், மாணவர்களுக்கு வேலைகள் கொடுத்து மொழியைக் கற்கச் செய்வது அதன் வழி. அந்த வேலைகளை அவர் மூவகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குச் சொல்வது ஒன்று. கொடுத்த விவரங்களிலிருந்து சிந்தித்து முடிவுக்கு வருவது இரண்டாவது. தன் விருப்பத்தையும் கருத்தையும் கண்டறிந்து சொல்வது மூன்றாவது. வகுப்பறையில் சிறப்பாகப் பலன் தந்தது இரண்டாவது வகையே. மூன்றாவது வகையைக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். காரணம், அதற்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. தொடக்கநிலை மாணவருக்குக் கால் ஊன்ற நிலம் கிடைப்பதில்லை. ஆசிரியருக்கும் மதிப்பெண் இட வழியில்லை. விருப்பத்தைச் சொல்லும் பயிற்சி வகுப்பறையில் அருகிப் போவதற்கு இது ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே அந்தப் பயிற்சி வீட்டுக்கு வருகிறது. வீட்டில் அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. 'உனக்கு எது பிடிக்கும், ஏன்?' என்று அத்தா தமிழில் கேட்டு, பிள்ளை காரணத்தோடு விடை சொல்லும் வழக்கம் இருந்தால் போதும். ஆங்கிலச் சொற்களை ஒரு மாதத்தில் ஏற்றிவிடலாம். கேட்கப்படாமலேயே வளர்ந்த பிள்ளைக்கு 'பிரிஃபர்' என்ற சொல்லைக் கற்பித்தால் அதற்குள் போடுவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது. பெண்பிள்ளைகளின் பெற்றோர் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டுகிறோம். பிளஸ் டூ முடித்த மகள் என்ன படிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் அத்தாவும் அண்ணனும் மாமாவும் பேசி முடித்த பிறகுதான் அவள் காதுக்கு வருகிறது. கல்வி உதவி விண்ணப்பத்தில் 'விரும்பும் படிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை அந்த மாணவியே தன் கையால் நிரப்பட்டும். அத்தாவின் கருத்து வேறாக இருந்தால் அதைச் சொல்வதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அவள் எழுதிய பிறகு சொல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

உரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு பயிற்சிக்குச் செல்வோம். அரை மணி நேரம் இருக்கிறது. பெற்றோர் அமர்ந்து கேட்கலாம். விடையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். முன்வரிசையில் ஓரத்தில் அமர்ந்திருக்கும் தங்கையிடமிருந்து தொடங்குவோம். 'விச் கோர்ஸ் வுட் யூ பிரிஃபர், அண்ட் ஒய்?' எந்த விடையும் சரியான விடைதான், 'எனிதிங்' என்பதைத் தவிர.